செவன்ஸ் கண்ணோடு உலகக் கோப்பை பார்த்தால்

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கிவிட்டால் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், நாகூர், காரைக்கால் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு கொடி ஏறிவிடும். ஒரு முக்கில் அர்ஜென்டினா, எதிர்முக்கில் பிரேசில், நடுவில் போர்ச்சுகலுக்கு ஒரு பேனர். ராத்திரி ஆட்டம், விடிந்தால் டீக்கடையில் வழக்கு. வழக்கு சூடாக நடப்பது நல்லதுதான். ஆனால் அதில் பாதி தப்பான இடத்தில் தொடங்குகிறது. நம் ஊர்க் கண் செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், பழகிய கண் என்பதே அதற்குக் காரணம்.

சம்பா அறுத்த வயல் காய்ந்து இறுகியதும், மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும் வரை, இங்கே ஆடுவது பெரும்பாலும் எழுவர் ஆட்டம். மைதானம் சின்னது. பல ஊர்ப் போட்டிகளில் ஆஃப்சைட் (தன் ஆள் பந்தை உதைக்கும் நொடியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நின்று ஆடக் கூடாது என்ற விதி) கிடையாது. ஆள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். கோல்கீப்பர் ஓங்கி ஒரு உதை விட்டால் பந்து எதிர் கோல் வரை போய்விடும். அதனால் யார் காலில் பந்து இருக்கிறதோ அவரைத்தான் பார்க்கிறோம். அவர் ஒருவரை ஏமாற்றி அடித்தால் கைதட்டுகிறோம். செவன்ஸுக்கு அது போதும். உலகக் கோப்பை நடப்பது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலத்தில், 22 பேரோடு, ஆஃப்சைட் விதியோடு. அங்கே எந்த ஒரு நொடியிலும் 21 பேர் காலில் பந்து இல்லை. வியூகம் என்பது அந்த 21 பேர் நிற்கும் இடம்தான்.

நம் ஊரில் அதிகம் கேட்கிற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "காக்கா (அண்ணே), மெஸ்ஸி நடந்துக்கிட்டே இருக்காரே, இதுக்கா இவ்வளவு பேரு?" இதற்குச் சரியான பதில்: "நடக்குறாரு தம்பி, தலை சும்மா இருக்கான்னு பாரு." பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தபடியே இருப்பார். எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையில் எங்கே ஆள் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறார். பந்து தன் அணிக்கு மாறும் நொடியில் அவர் ஏற்கெனவே அந்த இடத்தில் இருப்பார். இதற்கு ஒரு விலை உண்டு. அவர் ஓடாத ஓட்டத்தை வேறு யாராவது ஓட வேண்டும். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் தே பால், என்சோ ஃபெர்னாண்டஸ், மெக் அலிஸ்டர் மூவரும் நடுக்களத்தில் அதைச் செய்தார்கள். முன்னால் ஜூலியன் அல்வாரஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். முதல் ஆட்டத்தில் இந்த அமைப்பு இல்லை. மெக் அலிஸ்டர் இரண்டாவது ஆட்டத்தில் தொடக்க அணிக்கு வந்தார், என்சோவும் அல்வாரஸும் மூன்றாவதில். மெஸ்ஸி மாறவில்லை, அவரைச் சுற்றி இருந்தவர்கள் மாறினார்கள். "மெஸ்ஸி தனியா ஜெயிச்சுக் கொடுத்தாரு" என்பவரும் "மெஸ்ஸி ஓடவே இல்லை" என்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

அந்த முதல் ஆட்டம் எது என்று சொல்லத் தேவையில்லை. 2022 நவம்பர் 22, சவுதி அரேபியா 2, அர்ஜென்டினா 1. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த போன்களுக்குக் கணக்கில்லை. "அதிர்ஷ்டம்" என்று பலர் அதை ஒதுக்கினார்கள். அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பாதியில் சவுதியின் அன்றைய பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் செய்ததை நின்று பார்க்க வேண்டும். தடுப்பு வரிசையை அவர் நடுக்கோட்டுப் பக்கம் ஏற்றி வைத்தார். நடுக்கள வீரர்களுக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே மெஸ்ஸி நிற்க இடமே இல்லாமல் நெருக்கினார். முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. அந்தக் காலி இடத்தைக் காவல் காத்தது ஆஃப்சைட் கோடு. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடில் சிக்கியது, 3 கோல்கள் செல்லாமல் போயின. அவற்றில் லவுத்தாரோ மார்ட்டினஸ் போட்ட ஒன்று தோள் அளவு வித்தியாசம்.

அந்தத் தோள் அளவை அளந்த கருவி பற்றி நிறையக் கட்டுக்கதை உலவுகிறது. 2022-ல் மைதானக் கூரையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. பந்தை உதைத்த நொடி எது என்பதைச் சென்சார் சொல்லும், அந்த நொடியில் யார் எங்கே நின்றார் என்பதைக் கேமரா சொல்லும். பாஸ் வந்து சேரும்போது வீரர் எங்கே நிற்கிறார் என்பது கணக்கே இல்லை; பாஸ் கிளம்பும்போது எங்கே நின்றார் என்பதுதான் கணக்கு. கையும் முழங்கையும் கணக்கில் வராது, கோல் அடிக்கக்கூடிய உடல் பாகங்கள் மட்டுமே வரும். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைட் கிடையாது. தன் சொந்தப் பாதியில் நிற்பவருக்கும் கிடையாது. செவன்ஸ் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த நாலு இடத்தில்தான்.

உயர்ந்த வரிசை எப்போது உடையும்? பந்து வைத்திருப்பவரை யாரும் நெருக்காதபோது. அவருக்குத் தலை நிமிர்ந்து பார்க்க இரண்டு நொடி கிடைத்தால், ஓடிவரும் ஆளுக்குச் சரியான நேரத்தில் தூக்கிப் போட்டுவிடுவார். அதனால் முன்னால் நெருக்குதல் குறைகிறது என்று தெரிந்தவுடன் வரிசை பின்வாங்க வேண்டும், நால்வரும் ஒன்றாக. ஒருவர் தங்கினால் போதும், எல்லாம் கெடும். ஜெர்மனிக்கு எதிராக ஜப்பானின் அசானோ 83-வது நிமிடத்தில் போட்ட கோலை மறுபடி பாருங்கள். நீளப் பந்து கிளம்பும் நேரத்தில் ஜெர்மனியின் வரிசை ஒரே கோட்டில் இல்லை. சவுதிக்கும் அந்த வியூகம் தொடர்ந்து உதவவில்லை. அடுத்து போலந்திடம் 0-2, மெக்சிகோவிடம் 1-2, பிரிவில் கடைசி இடம். ஒரு வியூகம் ஓர் எதிரணிக்கு, ஒரு நாளைக்கு. இதைப் புரிந்துகொண்டால் "அதே மாதிரி ஆடியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்" என்ற வாதம் தானாக விழுந்துவிடும்.

நேர் எதிர்ப்புறம் மொராக்கோ. பின்னால் நால்வர், அவர்களுக்கு முன்னால் அம்ரபாத் ஒருவர், அவருக்கு முன்னால் நால்வர், உச்சியில் ஒருவர்: 4-1-4-1. "பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திட்டாங்க" என்று அதை ஏளனமாகப் பேசியவர்கள் உண்டு. அது அநியாயம். நடு மதகை இறுக அடைத்துவிட்டுப் பக்க வாய்க்காலில் மட்டும் தண்ணீரை விடுகிற வேலை அது. நடுவழியாகப் பந்து வரக் கூடாது. ஓரத்துக்குப் போனால் போகட்டும். ஓரத்தில் வாங்குபவருக்கு எல்லைக்கோடு ஒரு பக்கம் தடை, ஹக்கீமியும் ஸியெக்கும் சேர்ந்து மறுபக்கம் தடை. ஸ்பெயின் 120 நிமிடமும் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கடத்தியது, கோல் விழவில்லை. சமநிலையைப் பிரிக்கும் பெனால்டி உதைகளில் சராபியா அடித்தது கம்பத்தில் பட்டது, சொலெர், புஸ்கெட்ஸ் இருவர் அடித்ததையும் மொராக்கோ கோல்கீப்பர் பூனோ பிடித்தார். 3-0. அரையிறுதி வரை மொராக்கோ வாங்கிய ஒரே கோல் கனடா ஆட்டத்தில் தன் ஆளே போட்ட ஓன் கோல். ஆப்பிரிக்க அணி ஒன்று அரையிறுதிக்குப் போனதும் அதுதான் முதல் முறை.

அந்த அரையிறுதியில் என்ன தப்பாயிற்று என்பது எனக்கு இன்னும் முக்கியம். பிரான்சுக்கு எதிராக மொராக்கோவின் அன்றைய பயிற்சியாளர் வலீத் ரெக்ராகி பின்வரிசையில் ஐவரை வைத்துத் தொடங்கினார். தொடக்க அணியில் பெயர் இருந்த அகெர்ட் ஆட்டத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்திலேயே விலகிக்கொண்டார். 5-வது நிமிடத்தில் தியோ எர்னாண்டஸ் கோல். 21-வது நிமிடத்தில் கேப்டன் சாயிஸ் காயத்தோடு வெளியேற, பழைய நால்வர் வரிசைக்கே திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் மொராக்கோ நன்றாக ஆடியது. வரிசையில் எத்தனை பேர் என்பதைவிட, யாருக்குப் பக்கத்தில் யார் நின்று பழக்கம் என்பது பெரிது. தேசிய அணிகளுக்கு இது எப்போதும் நெருக்கடி. கிளப் அணி ஆண்டு முழுக்க சேர்ந்து பயிற்சி செய்கிறது. 2022-ல் ஐரோப்பிய லீக்குகள் நின்றது நவம்பர் 13, உலகக் கோப்பை தொடங்கியது நவம்பர் 20. ஒரே வாரம். அதற்குள் சிக்கலான நெருக்குதல் முறைகளைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால்தான் தேசிய அணிகள் பெரும்பாலும் பின்னால் கட்டுக்கோப்பு, முன்னால் ஓரிரு திறமைசாலிகள், கார்னர் ஃப்ரீ கிக்குக்கு ஒத்திகை என்று எளிமையாக ஆடுகின்றன. கிளப்பில் பார்த்த ஆட்டத்தைத் தேசிய அணியில் எதிர்பார்த்து ஏமாறுவது ரசிகரின் கணக்குப் பிழை.

பந்து வைத்திருந்த சதவீதத்தைச் சொல்லி வாதம் செய்பவர்களுக்கு ஒரே ஓர் ஆட்டம்: ஜப்பான் 2, ஸ்பெயின் 1. ஜப்பானிடம் பந்து இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவு.

டிவியில் வியூகத்தைப் பார்ப்பது கஷ்டம், கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. ஆனால் பந்து நிற்கும் நேரங்களில் கேமரா அகலமாகத் திறக்கும். கோல் கிக் எடுக்கும்போது பாருங்கள். 2019-க்குப் பிறகு பந்து பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. சென்டர் பேக்குகள் (நடுத் தடுப்பாட்டக்காரர்கள்) பாக்ஸுக்குள்ளேயே நின்று வாங்கலாம். எதிரணியில் எத்தனை பேர் அங்கே வரை ஏறி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேருக்கு மேல் என்றால் அன்றைக்கு அவர்கள் நெருக்கி ஆட வந்திருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கும். அடுத்தது கார்னர். அடிக்கிற அணியில் எத்தனை பேர் பின்னால் தங்குகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. பந்து எதிராளி கையில் சிக்கினால் யார் தடுப்பார்கள் என்பதற்கான விடை அதில் இருக்கிறது. முதல் பத்து நிமிடத்தில் இந்த இரண்டையும் குறித்துக்கொண்டால், 60-வது நிமிடத்தில் பயிற்சியாளர் ஏன் அவரைத் தூக்கி இவரை இறக்கினார் என்பது விளங்கும்.

பின்னால் தங்கும் அந்த ஆள் கணக்கைத்தான் 2022 டிசம்பர் 9-ல் பிரேசில் தொலைத்தது. குரோஷியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் நெய்மர் அற்புதமான கோல் போட்டார். மிச்சம் 15 நிமிடம். முன்னணியில் இருக்கும் அணி பந்தைப் பின்னால் வைத்துச் சுற்றியிருக்க வேண்டும். பிரேசில் 117-வது நிமிடத்திலும் ஆட்களை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தது. பந்து பறிபோனது, மோட்ரிச்சிலிருந்து விலாசிச், ஓர்சிச், பெட்கோவிச் என்று கைமாறி, மார்க்கினியோஸ் காலில் பட்டு உள்ளே போனது. அந்த ஆட்டம் முழுவதும் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்தது அந்த ஒன்றைத்தான். நம் ஊர் பிரேசில் ரசிகர்கள் கோல்கீப்பரைத் திட்டினார்கள், மார்க்கினியோஸைத் திட்டினார்கள். திட்ட வேண்டியது அதற்கு இருபது நொடி முன்னால் நடந்ததை.

பெனால்டி வரிசையும் அன்றைக்குத் தப்பு. ரோட்ரிகோ முதலில் அடித்து குரோஷியா கோல்கீப்பர் லிவாகோவிச்சிடம் கொடுத்தார், நாலாவது மார்க்கினியோஸ் கம்பத்தில் அடித்தார், ஐந்தாவதாக இருந்த நெய்மருக்கு வாய்ப்பே வரவில்லை. 2-4. கடைசி உதை வெற்றி உதையாக அமையும் என்று நம்பி நல்ல ஆளைக் கடைசியில் வைப்பது பழைய வழக்கம், நம் செவன்ஸிலும் அதுதான். ஆனால் ஐந்தாவது உதை நிச்சயம் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முதல் உதை நிச்சயம் வரும். ஒன்பது நாள் கழித்து அர்ஜென்டினா-பிரான்ஸ் இறுதி ஆட்டத்தில் எம்பாப்பே முதலில் அடித்தார், மெஸ்ஸியும் முதலில் அடித்தார். நம் போட்டிகளில் கேப்டன்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் இது.

(திரை போடுகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெனால்டிக்கு மொபைல் ஆப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போடாதீர்கள். டிடிஎச் அதைவிடச் சில நொடி முன்னால் ஓடும். எதிர்முக்கில் எழும் கூச்சல் முடிவைச் சொல்லிவிடும். ஆனி ஆடிக் காற்றில் துணித் திரை பாய்மரம் ஆகிவிடுகிறது. நாலு மூலைக்கு மேல் நடுப்பக்கங்களிலும் கட்டுங்கள், அடியில் மூங்கில் கொடுங்கள். பேனரை மின்கம்பத்தில் கட்டவே கட்டாதீர்கள்.)

அந்த இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி செய்த நல்ல காரியம் டி மரியாவை இடப்பக்கம் நிறுத்தியது. பிரான்சின் அந்தப் பக்கத்தில் டெம்பெலே பின்னால் வந்து உதவும் பழக்கம் குறைவு. பெனால்டி கிடைத்தது அங்கேதான், டெம்பெலே செய்த ஃபவுலில். இரண்டாவது கோலும் அங்கேதான் முடிந்தது. பிரான்சின் அன்றைய பயிற்சியாளர் தேஷாம் 41-வது நிமிடத்திலேயே டெம்பெலேயையும் ஜிரூவையும் தூக்கினார். ஆட்டம் முடிந்ததும் "பயந்துட்டாரு" என்றார்கள். என் பார்வையில் அது அந்தத் தொடரின் துணிச்சலான முடிவு. அதன் பிறகு 64-வது நிமிடத்தில் ஸ்கலோனி டி மரியாவை வெளியே எடுத்தார். 71-ல் கோமானும் கமவிங்காவும் வந்தார்கள். 80, 81-ல் எம்பாப்பே இரண்டு கோல். அந்த இரண்டாவது கோல் கோமான் மெஸ்ஸியிடம் பந்தைப் பறித்ததில் தொடங்கியது. டி மரியா களத்தில் இருந்தவரை பிரான்சின் வலப்பக்கம் ஏறத் தயங்கியது, அவர் போனதும் தயக்கம் போயிற்று. ஆட்டத்தைத் திருப்பிய மாற்றத்தை இரண்டு பயிற்சியாளர்களும் சேர்ந்தே செய்தார்கள்.

இனி நடத்தை. இதில்தான் டீக்கடை இரண்டாகப் பிளக்கிறது. நம் ஆள் செய்தால் சாமர்த்தியம், அடுத்தவன் செய்தால் அயோக்கியத்தனம். நான் பார்க்கும் அளவுகோல் இரண்டுதான்: விதி என்ன சொல்கிறது, அந்தச் செயல் தன் அணிக்கு என்ன செலவு வைத்தது.

நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் அர்ஜென்டினா 2-0 முன்னணி. 83-ல் வெகோர்ஸ்ட் ஒரு கோல் போட்டுவிட்டார். 88-வது நிமிடம் வாக்கில் அர்ஜென்டினாவின் பரேதெஸ் ஃபவுல் செய்துவிட்டு, பந்தை ஓங்கி நெதர்லாந்தின் பெஞ்சுக்குள் அடித்தார். இரு பக்கமும் பாய்ந்து வந்தது, வான் டைக் அவரைத் தள்ளி விழத்தட்டினார். அந்தத் தள்ளுமுள்ளு தின்ற நேரமும் கூட்டலில் சேரும். நடுவர் கொடுத்தது 10 நிமிடம். அந்தப் பத்தின் கடைசியில் பாக்ஸுக்கு வெளியே ஒரு ஃபவுல், ஒரு ஃப்ரீ கிக். எல்லாரும் கோலை நோக்கி உதை வரும் என்று நிற்க, கூப்மைனர்ஸ் தரையோடு தரையாகச் சுவருக்குப் பக்கத்தில் நின்ற வெகோர்ஸ்டுக்குத் தட்டிவிட்டார். முதுகில் என்சோவைத் தாங்கிக்கொண்டு திரும்பி அடித்தார், 2-2. வெறும் நாலு நிமிடம் கூட்டியிருந்தால் அந்த ஃப்ரீ கிக்கே கிடையாது. பரேதெஸின் உதையை வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அன்று மஞ்சள் அட்டைகள் 15-ஐத் தாண்டின. அக்குன்யாவும் மோன்டியேலும் அரையிறுதியில் ஆட முடியாமல் போனார்கள். பெனால்டியில் தப்பித்ததால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஈராக்குக்குத் தெரிந்தது. 2024 ஜனவரி 29, கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பை, ஜோர்டான் எதிரணி. 76-வது நிமிடத்தில் அய்மன் ஹுசைன் கோல் போட்டு ஈராக்கை 2-1 முன்னணிக்குக் கொண்டுவந்தார். ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தவர், ஜோர்டான் வீரர்கள் முன்பு செய்த கொண்டாட்டத்தைப் பழித்துக் களத்தில் உட்கார்ந்து புல்லைத் தின்பதுபோலக் காட்டினார். இரண்டாவது மஞ்சள், வெளியே. பத்துப் பேரோடு நின்ற ஈராக் 95, 97-வது நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 2-3 என்று வீட்டுக்குப் போனது. நடுவர் கடுமையாக நடந்தார் என்ற ஆதங்கம் நியாயம்தான், ஜோர்டான்காரர்களுக்கு அட்டை வரவில்லையே. ஆனால் மஞ்சள் ஒன்று கையில் இருக்கும் வீரர் நடுவரின் மனநிலையை நம்பி விளையாடக் கூடாது.

2010-ல் கானாவின் கோலை உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்தது அணையாத வழக்கு. விதிப்படி பார்த்தால் அன்று நடுவர் செய்தது சரி: வேண்டுமென்றே கையால் கோலைத் தடுத்தால் சிவப்பு அட்டை, எதிரணிக்குப் பெனால்டி. இரண்டும் கொடுக்கப்பட்டன. கானாவின் ஜியான் அடித்தது மேல் கம்பத்தில் பட்டது, பிறகு பெனால்டி வரிசையில் உருகுவே 4-2. "கோல் என்றே கொடுத்திருக்கணும்" என்பவர்கள் விதியை மாற்றச் சொல்ல வேண்டும், நடுவரைத் திட்டக் கூடாது. எனக்கு மனசு கானா பக்கம்தான். விதி மாற வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் அன்றைய விதியில் சுவாரஸ் தண்டனையை வாங்கிக்கொண்டுதான் வெளியேறினார். 2014-ல் அவர் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்தது வேறு கதை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 9 சர்வதேச ஆட்டங்கள், 4 மாதம் எல்லா ஆட்டத்திலும் தடை. சரியான தண்டனை.

விதிக்குள் நின்றுகொண்டே அசிங்கமாக ஆடுவதும் உண்டு, அங்கே விதிதான் மாறும். 1982-ல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கிகோனில் 1-0 என்ற கணக்கு இருவருக்கும் போதும் என்று பந்தைச் சும்மா உருட்டி, அல்ஜீரியாவை வெளியேற்றின. 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 2022 இறுதிப் பெனால்டிகளில் அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸ் பந்தை எறிந்து விளையாடினார், பிரான்சின் சொவாமெனி அதை எடுத்து வர நடக்க வேண்டியிருந்தது. அவர் அடித்தது வெளியே போனது. அடுத்த ஆண்டே விதிப் புத்தகத்தில், உதைப்பவரின் கவனத்தைக் கோல்கீப்பர் முறைகேடாகக் கலைக்கக் கூடாது, உதையைத் தாமதப்படுத்தவோ கம்பத்தையும் வலையையும் தொடவோ கூடாது என்று தெளிவாகச் சேர்த்தார்கள். நம் ஊர் கோல்கீப்பர் தம்பிகள் இப்போதும் அதே ஆட்டம் ஆடுகிறார்கள். கோடு மேல் குதிக்கலாம், கை விரிக்கலாம், உதைக்கும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடியும் போனால் மஞ்சள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் ஓட்டினால் இப்போது 8 நொடிதான். மீறினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கை தூக்கி எண்ணிக் காட்டுவார்.

விழுந்து புரள்வது பற்றி நெய்மரை வைத்து 2018-ல் உலகமே சிரித்தது. இதில் ரசிகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபவுல் நடந்திருக்கும்போது மிகைப்படுத்திப் புரள்வது வேறு, தொடாமலே விழுவது வேறு. பின்னதற்கு மஞ்சள் அட்டை உண்டு. ஆனால் 2018, 2022 உலகக் கோப்பைகளில் வி.ஏ.ஆர். (வீடியோவில் சரிபார்க்கும் துணை நடுவர்) பார்த்தது நாலைத்தான்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறாட்டம். நடுக்களத்தில் ஒருவர் நடித்து ஃப்ரீ கிக் வாங்கினால் அது அந்தக் கணக்கிலேயே வராது. "வி.ஏ.ஆர். தூங்குதா?" என்று கத்துவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

களத்துக்கு வெளியே இருப்பதையும் சொல்லியாக வேண்டும். யூரோ இறுதியில் 2021-ல் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவரையும், 2022 உலகக் கோப்பை இறுதிக்குப் பிறகு பிரான்சின் கோமான், சொவாமெனி, கோலோ முவானி மூவரையும் நிறத்தைச் சொல்லித் தாக்கினார்கள். 2024 கோப்பா அமெரிக்காவை வென்ற பிறகு அர்ஜென்டினா வீரர்கள் பஸ்ஸில் பிரெஞ்சு வீரர்களின் பூர்வீகத்தைப் பழித்துப் பாடியது என்சோவின் நேரலையில் வெளியே வந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் பிரான்ஸ் அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே நாக்கு நீள்கிறது. பிழைக்க நாடு விட்டு நாடு போய், நிறத்துக்கும் ஊருக்கும் பேச்சு வாங்குகிற குடும்பங்கள் நம் தெருவில் எத்தனை? அந்தத் தெருவில் இருந்துகொண்டு இந்த வார்த்தைகளைப் பேசுவது எனக்குத் தாங்கவில்லை. குழு நிர்வாகிகள் அந்தப் பதிவை நீக்க வேண்டும், பதிந்தவரை ஆட்டம் முடியும் வரை வெளியே வைக்க வேண்டும். மைதானத்தில் சிவப்பு அட்டை என்றால் இங்கேயும் சிவப்பு அட்டைதான்.

அட்டைகளை எண்ணுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். 2018 ஜூன் 28, போலந்திடம் 0-1 பின்தங்கியிருந்த ஜப்பான் கடைசிப் பத்து நிமிடம் பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தது. வேறு மைதானத்தில் செனகல் கொலம்பியாவிடம் 0-1. ஜப்பானுக்கும் செனகலுக்கும் 4 புள்ளி, அடித்தது 4, வாங்கியது 4, தங்களுக்குள் ஆடியது 2-2. பிரித்தது மஞ்சள் அட்டை: ஜப்பான் 4, செனகல் 6. பயிற்சியாளர் நிஷினோவை ஏசினார்கள், நான் ஏச மாட்டேன். முதல் இரண்டு ஆட்டத்தில் ஒழுங்காக ஆடிச் சேர்த்த கணக்கை அவர் பயன்படுத்திக்கொண்டார். அதில் இருந்த ஆபத்து பெரியது, செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் வெளியே.

கணக்கு இப்படி: மஞ்சள் ஒன்றுக்கு 1 புள்ளி குறையும், இரண்டாவது மஞ்சளால் வரும் சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4, ஒரே ஆட்டத்தில் மஞ்சளும் பிறகு நேரடிச் சிவப்பும் வாங்கினால் 5. 2026 முதல் 48 அணிகள், 12 பிரிவுகள். மூன்றாம் இடம் பிடிப்பவர்களில் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. அந்த 12 மூன்றாம் இடங்களும் வேறு வேறு பிரிவுகளைச் சேர்ந்தவை, தங்களுக்குள் மோதியதே இல்லை. மூன்றே ஆட்டத்தில் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் எல்லாம் சமமாக வர வாய்ப்பு அதிகம், அடுத்து பார்ப்பது அட்டைக் கணக்குத்தான். தெரு முக்கில் புள்ளிப் பட்டியல் எழுதித் தொங்கவிடுகிறவர்கள் கோல் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, பயிற்சியாளரும் பெஞ்சில் இருப்பவர்களும் வாங்கும் அட்டைகளையும் சேர்த்து, ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வாருங்கள்.